முத்துப்பாண்டியின் கண்ணில் ஆடிய சாலை

போன மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டால் பெரும்பாலும் யாருக்காவது கல்யாணமாக இருக்கும். ஒரு கருவியைக் காட்டக் கூப்பிட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கருவி என்றால் ஒரு கண்ணாடிதான். நீந்துகிறவர்கள் போடுவது போல முகத்தோடு ஒட்டி நிற்கிறது. கண்ணைப் படம்பிடிக்க அதில் ஒரு சின்ன கேமரா இருக்கிறது. சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து நம் தலையைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்புகிறார்கள். கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகள் எழும்புகின்றன. ஒன்று தலையின் அசைவு, இன்னொன்று கண்ணின் அசைவு. உள்காது நன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். எனக்கும் மாட்டிப் பார்த்தார்கள். ஓரளவுக்குப் படிந்தது. இந்த வயசுக்கு இது போதும் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

இது இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். வெறும் கண்ணால் பார்த்தோம் என்றேன். அதையே ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுத உட்கார்ந்ததும் வண்டன்மேட்டு ஜீப் டிரைவர் முத்துப்பாண்டிதான் முதலில் வந்து நின்றார். அவரைப் பற்றிச் சொல்லும் முன் எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது பாலக்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பம். கடைக்கு அண்ணன்மார்களே போதும் என்பதால் அத்தா என்னைப் படிக்க விட்டார். ஒரு டிப்ளமோ படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கொஞ்ச காலம் சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து, ஹெட்ஃபோன் மாட்டியவர்களிடம் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்வதுதான் வேலை. காது என்றால் கேட்பதற்கு என்பதோடு என் அறிவு முடிந்திருந்தது.

டாக்டர் வத்ஸலா வந்த பிறகுதான் அது மாறியது. தலைசுற்றல் நோயாளிகளுக்கென்று தனி அறை கேட்டு வாங்கினார். பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறை. அதற்கு என்னை உதவியாளாகக் கேட்டார். முதல் நாள் ஏதோ பாடம் நடத்தப் போகிறார் என்று போனேன். கட்டிலில் படுக்கச் சொன்னார். தலையணையைச் சாய்வாக வைத்தார். கண்ணுக்கு ஒரு தடித்த கண்ணாடி மாட்டினார். உள்ளே சின்ன பல்பு எரியும். அதைப் போட்டவருக்கு வெளியே எதுவும் பிடிபடாது, ஆனால் பார்க்கிறவருக்கு அவருடைய கண் ரொம்பப் பெரிதாகத் தெரியும். பிறகு என் வலது காதில் குளிர்ந்த நீரைச் சீராகச் செலுத்தினார்.

சற்று நேரத்தில் கட்டில் கவிழ்ந்தது. அப்படித்தான் தோன்றியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அறை முழுவதும் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி, இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டேயிருந்தார். நின்றதும் நான் எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அவர் வாயைத் துடைக்கத் துண்டு கொடுத்தார். பிறகு அதே கட்டிலில் அவர் படுத்துக்கொண்டு, இப்போது நீ எனக்குச் செய் என்றார்.

அவருடைய கண்ணில் அன்று பார்த்ததை இன்றும் வரைந்து காட்டுவேன். கண் மெதுவாக ஒரு பக்கம் நழுவியது. வெடுக்கென்று திரும்பி வந்தது. மறுபடி நழுவியது, மறுபடி வெடுக்கென்று வந்தது. படுத்திருப்பவரின் தலை அசையவில்லை. ஆனால் குளிர்ந்த நீர் உள்காதை ஏமாற்றி, தலை திரும்புகிறது என்று சொல்ல வைக்கிறது. அதை நம்பிக் கண் கிளம்பிவிடுகிறது.

அது எதற்காக என்று அன்றே புரிய வைத்தார். விரலை முகத்துக்கு நேரே நீட்டி, விரலை வேகமாக ஆட்டிப் பார்க்கச் சொன்னார். விரல் கலங்கித் தெரிந்தது. இப்போது விரலை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டச் சொன்னார். விரல் தெளிவாக நின்றது, ரேகைகூடத் தெரிந்தது. உள்காதில் நீர் நிரம்பிய வளைந்த குழாய்கள் இருக்கின்றன. தலை வலப்பக்கம் திரும்பினால் அவை உடனே கண்ணை இடப்பக்கம் அதே அளவு திருப்பிவிடும். நாம் நினைத்துச் செய்வதல்ல, நினைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். அதனால்தான் நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் உலகம் அதே இடத்தில் நிற்கிறது.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளி உட்கார்ந்த பிறகு, அவரைவிடத் தாழ்ந்த ஸ்டூலில்தான் உட்காருவார். அவர்களுக்குத் தலை குனியவோ நிமிரவோ தேவையில்லாமல் கண்ணைப் பார்க்க அது வசதி என்பார். அதற்கு மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, யாரிடமும் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதில்லை. எனக்கு இதுவரை எதுவும் பிடிபடவில்லை என்பார். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். நோயாளிகளின் முகத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் அறையில் சீக்கிரமாகச் சரியாகிறவர்களும் உண்டு. நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்று நடக் குனிந்தால் வயலே புரள்கிறது என்று ஒரு மாதமாக வேலைக்குப் போகாமல் இருந்தார். அவருக்குக் காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் கிடந்தது, அவ்வளவுதான். டாக்டர் அவரைப் படுக்க வைத்துத் தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பி உருட்டி எழுப்பினார். குனியச் சொன்னார். குனிந்தவர் நிமிராமல் அப்படியே நின்றார். பயந்து போய் என்னம்மா என்று கேட்டேன். தரை தரையாவே இருக்குதுங்க என்றார். அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருக்கும்.

முத்துப்பாண்டி வந்த நாள் அப்படிப்பட்டதல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கதவருகில் வரும்போதே கவனித்தேன். ஐம்பது வயதை ஒட்டியவர், ஒல்லி. காலை அகட்டி வைத்து, ஒரு கையால் சுவரைத் தடவியபடி வந்தார். அவருக்கு இரண்டடி பின்னால் அவருடைய மருமகன் நடராஜ் வந்தார். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிக்காரர், கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. மகள் செல்வி கடைசியாக வந்தாள். மூன்று பேரும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள் போலவே இல்லை.

அவர்கள் சொன்னதைச் சேர்த்து வைத்தால் கதை இதுதான். முத்துப்பாண்டி வண்டன்மேட்டில் ஒரு ஏலத்தோட்டத்து ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வரும் பெண்களை மேட்டிலிருந்து தோட்டத்துக்கு ஏற்றிப் போவது, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவது. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். செல்வியின் அம்மா இறந்த பிறகு விட்டுவிட்டார். தனியாக ஒரு பெண் பிள்ளையை வளர்க்கிறவன் குடிக்கக் கூடாது என்று விட்டதாகச் சொன்னார். பல வருஷம் தொடவேயில்லை.

இப்படியிருக்க, ஒரு நாள் ஜீப்பைச் செம்மண் திட்டில் கொண்டுபோய் உரசிவிட்டார். உள்ளே பெண்கள் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ரோடு ஆடியது, அதனால்தான் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி அவரைத் தன் பக்கம் இழுத்து வாயை மோந்து பார்த்தார். சாராய வாசம் இல்லை. ஏலக்காய் வாசம்தான் வந்தது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிற எல்லாருடைய சட்டையிலும் அந்த வாசம்தான் வரும். ஆனால் குடித்ததை மறைக்க ஏலக்காய் மெல்லுகிறவர்களையும் முதலாளி பார்த்திருக்கிறார். மறுநாள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்.

எலப்புள்ளிக்கு மகள் வீட்டுக்கு வந்தார். அங்கே தெருவில் நடந்தாலும் தள்ளாட்டம். இருட்டிவிட்டால் இன்னும் மோசம். பக்கத்து வீட்டார் பேசத் தொடங்கினார்கள். சம்பந்தியம்மா சாப்பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். நடராஜ் அவரைக் குடி மறப்பு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அங்கே இருந்தால் குடிக்காமலேதான் தள்ளாடுகிறேன் என்பது தெரிந்துவிடும் என்று நினைத்தாராம். அப்படியே நடந்தது. அங்கிருந்த ஆலோசகர் பல நாள் கவனித்துவிட்டு, இவரை ஈ.என்.டி.யில் காட்டுங்கள் என்று எங்களிடம் அனுப்பினார்.

நடராஜ் மெதுவாகத்தான் பேசினார்.

"ஏனுங்க டாக்டர், மாமாவக் கொற சொல்றதுக்கு வரலீங்க. அவரு சத்தியம் பண்றாருங்க. நம்பலாம்னுதான் இருக்குது. ஆனா சாயங்காலம் அவரு ஊட்டுக்கு வர்றதப் பாத்தா நம்ப முடியறதில்லீங்க."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு முத்துப்பாண்டிக்கு எதிரே உட்கார்ந்தார். என்ன செய்கிறது, அவசரமில்லாமல் சொல்லுங்கள் என்றார்.

"உக்காந்திருந்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டரம்மா. எந்திரிச்சு நடந்தா ரோடு குதிக்குது. நான் ஒரு எட்டு வச்சா அதுவும் கூட ஒரு எட்டு குதிக்குது. ஜீப்ல ஏறுனா கேக்கவே வேணாம். இருட்டுல கால் எங்க இருக்குன்னே தெரியல."

சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றவில்லை, ஒரு நாளும் சுற்றியதில்லை, ஆடுகிறது, அவ்வளவுதான் என்றார். காது கேட்கிறதா என்றார். நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் இதுவரை யாருக்கும் காது என்ற நினைப்பே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இதற்கு முன்னால் பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டபோது செல்விதான் சொன்னாள். ஜாக்கி நழுவி முழங்காலுக்குக் கீழே வெட்டியிருக்கிறது. அது பழுத்து, விஷம் ரத்தத்தில் ஏறி, நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். சிறுநீரகமும் பாதித்திருந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் பல நாள் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். வீடு திரும்பிச் சில நாளிலேயே இந்த ஆட்டம் தொடங்கிவிட்டது. படுத்தே கிடந்ததால் வந்த பலவீனம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம், ஜீப் உரசிய பிறகுதான் குடி என்ற பேச்சு வந்தது. டாக்டர் பக்கத்து அறைக்குப் போய் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசினார். திரும்பி வந்தபோது அவருடைய முகத்திலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். சோதனையைத் தொடங்கு என்று அர்த்தம்.

முதலில் கழுத்தில் வலி உண்டா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு, என் மூக்கையே பாருங்கள் என்றார். மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு, எதிர்பாராத நேரத்தில் சட்டென்று கொஞ்சம் திருப்பினார். நல்ல காதுள்ளவர் என்றால் தலை போகும், கண் மூக்கிலேயே நிற்கும். முத்துப்பாண்டியின் கண் தலையோடு சேர்ந்து போனது. போன பிறகு ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்பி வந்தது. மறுபக்கமும் அப்படியே. நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தத் துள்ளல், பார்க்கத் தெரிந்தவருக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

அடுத்தது என் வேலை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரியின் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தார். டிரைவரின் கண். பிறகு நான் பின்னால் நின்று அவருடைய தலையைப் பக்கவாட்டில் ஆட்டியபடியே படிக்கச் சொன்னேன். நம்மால் அப்போதும் அநேகமாக எல்லா வரியும் படிக்க முடியும். அவர் மேலே இருந்த பெரிய எழுத்தோடு நின்றுவிட்டார். எழுத்தெல்லாம் வழியுது பாய் என்றார். நான் கையை எடுத்ததும் மறுபடி கடைசி வரியைப் படித்துக் காட்டினார், நான் கேட்காமலேயே.

கடைசியில் நீர். முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு குளிர்ந்த நீர். முறையாக வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செலுத்துவோம். படுக்கும் முன், கட்டில் கவிழ்வது போல இருக்கும், பயப்பட வேண்டாம், நான் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை அகலத் திறந்தபடி காத்திருந்தார். அந்தத் தடித்த கண்ணாடிக்குள் அவருடைய கண் பெரிதாக, அமைதியாக நின்றது. வெதுவெதுப்பான நீருக்கு அசையவில்லை. குளிர்ந்த நீருக்கும் அசையவில்லை. டாக்டர் பனிக்கட்டி போடச் சொன்னார். பனிக்கட்டி கரைந்த நீரை ஊற்றினால் எப்படிப்பட்டவருக்கும் கொஞ்சமாவது நழுவும். ஒரு காதில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். மறுகாதிலும் ஊற்றினோம். காதிலிருந்து நீர் கழுத்தில் வழிந்து துண்டு நனைந்தது. கண் நின்ற இடத்திலேயே நின்றது.

"எப்ப பாய் சுத்தும்?" என்று கேட்டார் முத்துப்பாண்டி.

எத்தனையோ பேர் அந்தக் கட்டிலில் போதும் போதும் என்று கதறியிருக்கிறார்கள். அன்று எப்படியாவது அவருக்கு வாந்தி வந்துவிடக் கூடாதா என்று நினைத்தேன்.

டாக்டர் அவரை உட்கார வைத்துக் காதைத் தானே துடைத்துவிட்டார். மகளையும் மருமகனையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய தமிழ் பாதி மலையாளம்தான், ஆனால் அன்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார். சீழ் பிடித்தபோது போட்ட ஊசி உயிரைக் காப்பாற்றிய ஊசி. அதே மருந்து சிலருக்கு உள்காதில் இருக்கும் இந்த உணர்வை அழித்துவிடும். கேட்பது கெடாது. இரண்டு பக்கமும் ஒன்று போலப் போனால் தலையும் சுற்றாது. அதனால் வெளியே இருப்பவர்களுக்குத் தள்ளாட்டம் மட்டும்தான் தெரியும். இவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இவர் குடிக்கவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

செல்வி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடராஜ் எழுந்து வெளியே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். வராந்தாவில் போய்ப் பார்த்தால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றிருந்தார். அவர்கள் கிளம்பும்போது படியில் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இறங்கினார். வந்தபோது இருந்த அந்த இரண்டடி தூரம் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. இரண்டு நாள் கழித்து முத்துப்பாண்டி மகளை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தார். அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்தபடி டாக்டர் அறைக்குள் வந்தார். முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றார். கட்டாயம் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

"குடிக்கலைன்னு மட்டும் சொன்னாப் போதும் டாக்டரம்மா. காது சமாச்சாரம் வேணாம். அந்த ரோடு எனக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும். முன்னாடி மாதிரி இல்லைன்னாலும் மெள்ள ஓட்டிப்பேன்."

டாக்டர் உடனே மறுத்திருக்கலாம். அவர் மறுக்கவில்லை. மாலை வேலை முடிந்ததும் வாருங்கள், ஓர் இடத்துக்குப் போகலாம் என்றார்.

அன்று மாலை, செல்வியை முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் தன் காரில் முத்துப்பாண்டியை முன் இருக்கையில் உட்கார வைத்தார். நான் பின்னால். எலப்புள்ளிப் பக்கம் வாய்க்காலை ஒட்டி ஒரு சாலை போகிறது, லாரிகள் போய்ப் போய் உடைந்து கிடக்கும். அதில் நிதானமாக ஓட்டினார். நீங்கள்தான் டிரைவர், நான் உங்கள் கைகால் மட்டும்தான், முன்னால் தெரிவதைச் சொல்லிக்கொண்டே வாருங்கள், அதை வைத்து ஓட்டுகிறேன் என்றார்.

நல்ல சாலையில் அவர் சரியாகச் சொன்னார். எதிரே லாரி, இடது பக்கம் சைக்கிள், கொஞ்சம் ஒதுக்குங்க என்றார். குரலில் பழைய டிரைவரின் அதிகாரம்கூட வந்துவிட்டது. பள்ளங்கள் தொடங்கியதும் பேச்சு குறைந்தது. ஏதோ வருது என்றார். என்ன வருகிறது என்று டாக்டர் கேட்டார். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். நான் பின்னாலிருந்து பார்த்தேன். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு சாலை ஓரம் நின்றிருந்தாள். தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்துதான் இருந்தது, கால் பிரேக்கில் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"நிப்பாட்டுங்க" என்றார் முத்துப்பாண்டி.

கார் நின்றது. நின்றதும் அவருடைய கண்ணும் நிலைத்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அவள் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"ஏதோ பச்சையா அசைஞ்சுது. மரமா ஆளான்னு தெரியல. ஆளுன்னு தெரிஞ்ச பிறகும் நிக்கிறாளா வர்றாளான்னு தெரியல" என்றார். "எங்க மேட்டுல வளைவுக்கு வளைவு பொம்பளைங்கதான் நடந்து வருவாங்க."

அவருடைய தோள் குலுங்கியது. டாக்டர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி காத்திருந்தார். முப்பது வருஷத் தொழில் ஒரு மனிதனை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எளிதல்ல. ஆறுதலாக ஏதாவது சொல்லுங்களேன் என்று மனசுக்குள் டாக்டரிடம் கெஞ்சினேன். இப்போது நினைத்தால், சும்மா இருந்ததுதான் சரி என்று படுகிறது.

பிறகு முத்துப்பாண்டியே முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலாளிகிட்ட ரெண்டையும் சொல்லிருங்க டாக்டரம்மா என்றார்.

அந்த இடத்திலிருந்தே டாக்டர் போன் செய்தார். இவர் அன்றைக்குக் குடித்துவிட்டு ஓட்டவில்லை, இனி எந்த நாளும் இவர் ஓட்டக் கூடாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் காரணத்தையும் விளக்கினார். முதலாளி போனை அவரிடம் கொடுக்கச் சொன்னார். முத்துப்பாண்டி சரிங்க, சரிங்க முதலாளி என்று மட்டும் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் பிறகு கேட்டேன்.

"வாய மோந்து பாத்தேன்ல, அத மறந்துரு பாண்டின்னாரு. வந்துரு, வேற வேலை பாக்கலாம்னாரு."

உடனே போக முடியவில்லை. சில மாதம் எலப்புள்ளியில் இருந்தே பயிற்சி செய்தார். போனது திரும்பி வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆனால் கண்ணும் கழுத்தும் பாதமும் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்குப் பழக்க வேண்டும். ஓர் அட்டையில் ஒரே ஒரு எழுத்தை எழுதி நீட்டிப் பிடிக்க வேண்டும். அவர் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே. மெத்தைமேல் நின்று பழக வேண்டும். இருட்டில் எங்கும் போகக் கூடாது, தனியாகக் குளத்தில் இறங்கக் கூடாது. கண்ணை மூடினால் எது மேலே எது கீழே என்று நீருக்குள் தெரியாது.

வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். முதல் வாரம் அட்டையை செல்வி பிடித்திருந்தாள். அடுத்த முறை போனபோது சம்பந்தியம்மா பிடித்திருந்தார். மாதக்கணக்கில் அவரிடம் பேசாமல் இருந்தவர் அவர்தான். முத்துப்பாண்டி களைத்துப்போய் உட்காரப் பார்த்தார்.

"இன்னொருக்கா ஆட்டுங்க சம்பந்தி. டாக்டரு வந்து கேட்டா நாந்தானுங்க பதில் சொல்லோணும்" என்றார் அந்த அம்மா.

மாதங்கள் போகப் போகச் சுவரைத் தொடாமல் நடந்தார். எழுத்துப் பலகையில் தலையை ஆட்டும்போது இன்னும் சில வரிகள் கீழே இறங்கினார். அதற்கு மேல் இறங்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். இது போதும் காசிமே, மனிதன் வாழ்வதற்கு எல்லா வரியும் வேண்டாம் என்றார். பிறகு முத்துப்பாண்டி வண்டன்மேட்டுக்குத் திரும்பிப் போனார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை கிடைத்தது. சூட்டைப் பார்த்துத் தட்டுகளை மாற்றிவிடும் வேலை. நின்ற இடத்தில் நின்று பார்க்கிற வேலை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் குடும்பத்தோடு குமுளிப் பக்கம் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். ஸ்டோரைச் சுற்றிக் காட்டினார். கையில் ஒரு பிடி ஏலக்காய் திணித்தார். பிறகு தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் செடி, மேலே மர நிழல். கையில் ஒரு கம்பு வைத்திருந்தார், அடியை அளந்து வைத்தார். ஆனால் என்னைவிட வேகமாகவே நடந்தார்.

எதிரே காய் எடுத்துவிட்டுப் பெண்கள் கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்தவள் தூரத்திலேயே, மாரியம்மா என்றாள். அவர் நடையை நிறுத்தாமல், என்ன மாரி, கால் வலி தேவலையா என்று கேட்டுக்கொண்டே தாண்டினார். அடுத்தவள் லட்சுமி என்றாள். அதற்கும் ஒரு விசாரிப்பு. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போல ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியாக வந்த பெண்ணிடம், இது என்னம்மா வழக்கம் என்று கேட்டேன்.

"நடக்கையில அண்ணனுக்கு மொகம் தெரியாது சார். ஒவ்வொருத்தரா நின்னு பாத்தா அவருக்கும் வேலை கெடும், எங்களுக்கும் கெடும். பேரச் சொல்லிட்டா நடந்துக்கிட்டே போயிரலாம்ல" என்றாள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

யார் சொல்லி ஆரம்பித்தது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம்.

திரும்பி மேட்டுக்கு வந்து கார் ஏறும்போதுதான் என் குடையை ஸ்டோரிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. எடுக்கப் பாதையில் இறங்கினேன். அவரே அதை எடுத்துக்கொண்டு எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். கம்பு ஒரு கையில், குடை ஒரு கையில். என் பக்கம்தான் பார்த்தபடி வந்தார். ஆனால் அந்த முகத்தில் என்னைத் தெரிந்துகொண்ட அடையாளம் எதுவும் இல்லை.

"காசிம்" என்றேன்.

"வாங்க பாய், குடைய மறந்துட்டீங்க" என்று சிரித்தபடி, நிற்காமல், அதே நடையில் என்னிடம் வந்து சேர்ந்தார்.